கனவு கேட்ட குழாய்

ஆவாரங்குளத்தில் ஆவாரஞ்செடி உண்டு, குளம் என்று பேர் சொல்லிக்கொள்ள ஒரு பள்ளமும் உண்டு, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று பார்த்தவர்கள்தான் யாரும் கிடையாது. ஆகவே கீழத்தெரு ஜனங்களுக்கு ஆறு, குளம், கடல் எல்லாமே தெருமுனையில் வேப்பமரத்தடியில் நிற்கிற பஞ்சாயத்துக் குழாய்தான். விடிவதற்கு முன்னால் ஏதோ ஒரு நேரத்தில் அதில் தண்ணீர் வரும், யாராவது ஒருத்தி பார்த்துவிட்டு "தண்ணி வந்துருச்சு" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், அந்தச் சத்தத்துக்குத் தெருவே பாயைக்கூடச் சுருட்டாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஓடி ஓடியே வளர்ந்து, ஓடி ஓடியே கல்யாணம் முடித்து, ஓடி ஓடியே பிள்ளை பெற்ற தெரு அது.

அந்தக் குழாய் ஒரு சித்திரை மாதத்தில் கனவு கேட்க ஆரம்பித்தது.

அன்றைக்கு வரிசையில் முதல் குடம் பாக்கியத்தாயினுடையது. குழாய் இருமியது, பெருமூச்சு விட்டது, ஒரு சொட்டு விடவில்லை. பாக்கியத்தாய் இரவில் ஒரு கெட்ட கனவு கண்டிருந்தாள். கெட்ட கனவை மனுசரிடம் சொன்னால் பலித்துவிடும், ஓடுகிற தண்ணீரிடம் சொன்னால் தண்ணீரோடு போய்விடும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். ஓடுகிற தண்ணீருக்கு ஆவாரங்குளத்தில் எங்கே போவது, எல்லோரும் குழாயடியில் குனிந்து அதன் வாயருகே முணுமுணுத்துவிட்டு வருவதோடு சரி. பாக்கியத்தாயும் குனிந்து, தன் பல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று ரசத்தில் விழுந்ததையும், அதைப் பூண்டு என்று நினைத்து மாமியார் எடுத்து மென்றதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தண்ணீர் கைத்தண்டிக்குக் கொட்டியது. ரசத்தில் உப்பு பற்றவில்லை என்று மாமியார் குறை சொன்ன இடத்தில் கனவு முடிந்தது, தண்ணீரும் நின்றது.

அடுத்த குடம் ஆவுடைத்தங்கத்தினுடையது. அவளிடம் சொல்வதற்குக் கனவு இல்லை. குழாயைத் தட்டினாள், வாயை வைத்து உறிஞ்சினாள், நாலு வார்த்தை திட்டினாள், அது அசைந்து கொடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற தையல்காரர் மைதீன் விளையாட்டாகத் தன் கனவை, ஒட்டகம் ஒன்று சட்டை தைக்க அளவு கொடுக்க வந்து கழுத்தளவில் தகராறு பண்ணியதை, எடுத்துவிட்டார். அவருக்கு இரண்டு குடம் நிறைந்து அண்டாவும் பாதி நிறைந்தது. சூரியன் வருவதற்குள் தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் பந்தல் போட்டு, சூடம் கொளுத்தி, டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். கீழத்தெருவுக்கு ஆச்சரியமே வரவில்லை. அந்தக் குழாய் ஒரு வருஷம் செங்கல்லால் தட்டினால்தான் தந்தது, இன்னொரு வருஷம் பள்ளம் தோண்டிக் கழுத்துவரை இறங்கினால்தான் தந்தது, தேர்தல் வருஷத்தில் மட்டும் கேட்காமலே தந்தது. அதையெல்லாம் பார்த்தவர்களுக்குக் கனவு சொல்வது லேசான வேலையாகவே பட்டது. பஞ்சாயத்திலிருந்து ஒரு ஃபிட்டர் வந்து குழாயைக் கழற்றிப் பார்த்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்றார். எதற்கும் நீங்கள் ஒன்று சொல்லிப் பாருங்கள் என்று பெண்கள் கேட்டதும், அவர் வெட்கப்பட்டுக்கொண்டே, தான் பனியனோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குப் பரீட்சை எழுதியதைச் சொன்னார். கொட்டிய தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, குழாய் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாயின் குணம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஏதோ கண்டேன் மறந்துவிட்டேன் என்று இழுத்தால் வாய் மட்டும் நனையும். ஒரு வீடு வந்தது, ஒரு ஆள் வந்தார் என்று மொட்டையாகச் சொன்னால் சொம்புத் தண்ணீர். வீட்டுக்கு என்ன நிறம் பூசியிருந்தது, வந்த ஆள் எந்தக் கையில் குடை வைத்திருந்தார், அவர் சொன்ன வார்த்தை என்ன என்று துலக்கமாகச் சொன்னால் குடத்தின் கழுத்து கொள்ளாமல் கொட்டும். போன வருஷத்துக் கனவைச் சொன்னால் துருவேறிய செந்தண்ணீர் வரும், அதில் மாடு குளிப்பாட்டலாம். பொய்க் கனவுக்கு வெறும் காற்று.

ஆக, தெருவுக்குக் கனவை நினைவில் வைத்துக்கொள்ளப் படிக்கவேண்டி வந்தது. இதில் முன்னால் போனவர் மைதீன்தான். அவருக்கு அறிவு அதிகம் என்பதால் அல்ல, வீட்டில் பிள்ளைகள் அதிகம் என்பதால். முழித்ததும் கண்ணைத் திறக்கக் கூடாது, புரளக் கூடாது, காலைத் தரையில் வைக்கக் கூடாது, கால் தரையில் பட்டால் கனவு அதன் வழியாக இறங்கிவிடும் என்றார். படுத்தபடியே கனவின் கடைசித் துண்டைத் தேட வேண்டும், அது ஒரு வாசனையாக இருக்கலாம், ஒரு சத்தமாக இருக்கலாம், காரணம் தெரியாத ஒரு எரிச்சலாகக்கூட இருக்கலாம், அந்த நுனியைப் பிடித்துப் பின்னோக்கி மெதுவாக இழுத்தால், தையலில் கடைசி நூலை இழுத்ததும் மொத்தத் தையலும் பிரிந்து வருவதுபோலக் கனவு பூராவும் வந்துவிடும் என்றார். தெருவே பாயில் கிடந்து நூல் இழுத்தது.

தெருவின் காலைப்பொழுதே மாறிப்போனது. பால்காரர் மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கோயில் ஒலிபெருக்கியைக் காட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். விடியுமுன் கூவித் தொலைக்கிற சேவல்கள் ஒன்றுவிடாமல் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களுக்கு அன்பளிப்பாகப் போயின, சில குழம்பாகவும் போயின. "தண்ணி வந்துருச்சு" என்று யாரும் சத்தம் கொடுக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள், ஏனென்றால் அந்தச் சத்தம்தான் இத்தனை தலைமுறையாகத் தெருவின் கனவையெல்லாம் பாதியில் வெட்டிப் போட்டது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மைதீனைப்போல இல்லாமல் அதுவரை குழாயடிப் பக்கமே வராத ஆம்பளைகள், தங்கள் கனவு வீணாகிறதே என்று தாங்களே குடத்தோடு வந்து நின்றார்கள். வேலித் தகராறில் பேச்சு முறிந்த இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருத்தர் கனவில் ஒருத்தர் வந்து விருந்து சாப்பிட்டுக் கொண்டிருப்பதை வரிசையில் நின்று மாறி மாறிக் கேட்டுவிட்டு, இதற்குமேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை என்று சமாதானம் ஆகிவிட்டார்கள். ஆவாரங்குளம் அப்படிச் சந்தோஷமாக ஒரு கோடையைக் கழித்ததே இல்லை.

சந்தோஷமில்லாத ஆள் ஆவுடைத்தங்கம் ஒருத்திதான். தெருவுக்கே இட்லிமாவு ஆட்டிக் கொடுக்கிறவள் அவள். அரிசி ஊறப்போட, உளுந்து கழுவ, கிரைண்டர் கல்லைத் தேய்த்து அலச என்று அவள் தொழிலே தண்ணீரில்தான் நின்றது. ஆனால் அவளுக்குக் கனவு என்று ஒன்று வந்த ஞாபகமே இல்லை. இரவு தலையைச் சாய்த்தால் சாய்த்ததுதான், விடியுமுன் உள்ளுக்குள் ஏதோ ஒன்று "தண்ணி வந்துருச்சு" என்று கத்தும், அடுத்த நொடி அவள் கையில் குடம் இருக்கும். எழுந்து நின்ற பிறகுதான் அவளுக்கு விழிப்பே வரும் என்று அவள் புருஷன் சங்கரபாண்டி கேலி பண்ணுவான்.

சங்கரபாண்டி மினிபஸ் கண்டக்டர். அவனுக்குக் கனவு வரும், ஆனால் ஒரே கனவுதான்; விடிய விடிய டிக்கெட் கிழித்துக்கொண்டே இருப்பான். முதல் நாள் அதற்குக் குழாய் இரண்டு குடம் தந்தது. தினமும் அதே டிக்கெட்டைக் கேட்டுக் கேட்டு அதற்கும் சலித்துப்போய், ஒரு குடம், முக்கால் குடம் என்று குறைத்துக்கொண்டே வந்தது. இன்றைக்கு பஸ்ஸில் ஒரு யானை ஏறியது என்று ஒருநாள் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான், காற்றுத்தான் வந்தது. கடைசியில் அவன் பக்கத்து ஊரில் கேன்களில் தண்ணீர் பிடித்துப் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வர, உட்கார இடமில்லாத ஜனம் கேன்களின் மேல் உட்கார்ந்து வந்தது, மாவு வியாபாரம் எப்படியோ நொண்டியபடி நடந்தது.

மாவுக்காக மட்டும் என்றால் ஆவுடை இவ்வளவு வேதனைப்பட்டிருக்க மாட்டாள். அவளுடைய ஒரே மகள் மாரிச்செல்வி மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அது அவளுடைய உரிமை. ஆனால் மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது ஆற்றங்கரை ஊரில். வாசலில் வாய்க்கால் ஓடும், கொல்லையில் கிணறு தளும்பும். சம்பந்தியம்மாள் கோமதி கெட்டவள் இல்லை, நல்லவள்தான், அதனாலேயே அவள் சொன்னதைத் தட்ட முடியவில்லை. பச்சைப் பிள்ளையையும் பெற்றவளையும் ஒரு குடம் தண்ணீரில் எப்படிக் குளிப்பாட்டுவீர்கள், இங்கேயே இருக்கட்டும், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் தன்மையாகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ஆவுடை அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். மகள் பெறுகிறபோது அவள் தலைமாட்டில் இருக்க வேண்டும், தன் வீட்டில் வைத்து வெந்நீர் ஊற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் அப்போது வேறு ஆசை இல்லை.

ஆவுடை கனவு பிடிக்கக் கிளம்பினாள். படுக்கும்போது அரை டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, எழுந்ததும் மீதி அரை டம்ளரைக் குடித்தால் கனவு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தாள். காலையில் அந்த மீதித் தண்ணீரை உளுந்தில் ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. முந்தானையில் முடிச்சுப் போட்டுப் படுத்தாள். எழுந்து அது எதற்கு என்று புரியாமல் அவிழ்த்துவிட்டாள். கட்டிலில் படுத்தால் கால் தரையில் படாதே என்று கட்டிலில் படுத்தாள். உள்ளே அந்தச் சத்தம் கேட்டதும் துள்ளி இறங்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். ஒருநாள் கடலுக்கு மேலே பறந்ததாகவும் தங்கத் தாமரையில் உட்கார்ந்ததாகவும் ஒன்றை ஜோடித்துக் குழாயிடம் சொன்னாள். குழாய் அவள் முகத்தில் தும்மியது. வரிசை சிரித்தது, அவளும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு வந்தாள்.

பிறகு செய்ததுதான் பெரிய பைத்தியக்காரத்தனம். பாக்கியத்தாய்க்குத் தினமும் இரண்டு மூன்று கனவு வரும்; ஒரு தூக்குவாளி மாவுக்கு ஒரு கனவு என்று அவளிடம் பேசி, மாமியார் சம்பந்தப்படாத ஒரு கனவை வாங்கி, வார்த்தை பிசகாமல் மனப்பாடம் பண்ணி, ஆவுடை அதைக் குழாயடியில் ஒப்பித்தாள். தண்ணீர் வந்தது. நாலு குடமும் நிறைந்தன. அவள் பூரித்துப்போய் ஒவ்வொன்றாக வீட்டுக்குச் சுமந்து வந்து இறக்கி வைத்துப் பார்த்தால் குடங்கள் காய்ந்து கிடந்தன, பாக்கியத்தாய் வீட்டு அடுப்படியில் வைக்க இடமில்லாமல் தண்ணீர் வழிந்து வாசலுக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. பாக்கியத்தாய் மாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

மைதீன்தான் ஒருநாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னார். "உங்களுக்குக் கனவு வராம இல்லக்கா. வந்த கனவ நீங்க மிதிச்சுட்டு ஓடிருறீங்க."

ஓடாமல் இருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் அவளை அவள் அம்மா சடையைப் பிடித்துத்தான் எழுப்புவாள், கண் திறக்குமுன் இடுப்பில் குடம் ஏறியிருக்கும். அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் அந்தக் கை மட்டும் இன்னும் சடையை விடவில்லை. ஆவுடை அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

ஆனி மாதத்தில் மகளின் புகுந்த வீட்டில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த மாரிச்செல்வி, சடங்கெல்லாம் முடிந்த பிறகு, எல்லோரும் கேட்கும்படி, தான் அம்மாவோடுதான் போவேன் என்று சொல்லிவிட்டாள். கோமதிக்கு மருமகளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வயிற்றைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. தானும் கூட வருவதாகவும், இரண்டு மூன்று நாள் தங்கிப் பார்ப்பதாகவும், தண்ணீருக்கு வழியிருந்தால் விட்டுவிட்டு வருவதாகவும், இல்லையென்றால் யாரும் வருத்தப்படக் கூடாது, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகவும் நியாயமாக ஒரு முடிவு சொன்னாள். ஆவுடை மகளின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோமதி வந்த மறுநாளே குழாயடிக்கு வந்து வரிசையைப் பார்த்தாள், ஆளாளுக்குக் கனவு சொல்வதைக் கேட்டாள், இதுதானா விஷயம் என்று தன் கனவையும் சொல்லிப் பார்த்தாள். ஆற்றங்கரைக்காரி கனவு, படித்துறையும் மருதமரமும் மீனுமாக நீண்டது, பத்துக் குடம் நிறையும்போலிருந்தது. ஆவுடை ஓடிவந்து குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். சம்பந்தி கனவில் வந்த தண்ணீரில் சம்பந்திக்கே சமைத்துப் போடுவதா, அதைவிடக் கேவலம் உண்டா? மகளும் கனவு காணாமல் இல்லை, ஆனால் பிள்ளைத்தாய்ச்சி கண்ட கனவு இரண்டு பேருக்குச் சொந்தம், பிள்ளை பிறந்து அதன் சம்மதம் தெரியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று தெருவில் முன்பே தீர்மானமாகியிருந்தது. மிச்சம் இருந்தது சங்கரபாண்டியின் டிக்கெட் கனவு. அதற்கு இப்போது அரைக் குடம். கோமதி ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மருமகளின் பையை எடுத்துத் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள், நாளைக் காலை பஸ்ஸுக்குப் போவதாகச் சொன்னாள்.

மகளுக்கு அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஆசை, கடைசி ராத்திரி என்று அவளுக்கும் தெரியும். சின்னப் பிள்ளையில் எப்படிப் படுப்பாளோ அப்படியே, ஒரு காலைத் தூக்கி அம்மா இடுப்பின் மேல் போட்டு, கையால் அவள் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனாள். வயிறு பெரிதானதிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கமே கிடையாது, இடது பக்கம் படுத்தால் மூச்சு முட்டும், வலது பக்கம் படுத்தால் பிள்ளை உதைக்கும் என்று கோமதி சொல்லியிருந்தாள். அன்றைக்குத்தான் அவள் வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். அதைக் கேட்டுக்கொண்டே ஆவுடையும் கண்ணயர்ந்தாள்.

விடியற்காலையில், வழக்கம்போல, உள்ளுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஆவுடையின் உடம்பு துள்ளப் பார்த்தது. இடுப்பின் மேல் மகளின் கால் கனமாகக் கிடந்தது. கொஞ்சம் அசைந்தாலும் பிள்ளை விழித்துவிடுவாள். விழித்தால் அப்புறம் தூங்க மாட்டாள், அப்படியே பஸ்ஸேறிப் போய்விடுவாள். இன்னும் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் தூங்கட்டும், தண்ணீர் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று ஆவுடை நினைத்தாள். அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், புரளாமல், காலைத் தரையில் வைக்காமல், அவள் அப்படியே கிடந்தாள்.

கிடந்தபோது மூக்கில் ஒரு வாசனை இருந்தது. வெயில் பட்ட தலையணையின் வாசனை. விடியாத நேரத்தில் வெயில் ஏது என்று யோசித்தாள், மைதீன் சொன்னது ஞாபகம் வந்தது, அந்த வாசனையின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வாசனைக்குப் பின்னால் ஒரு பனையோலை விசிறியின் காற்று வந்தது, காற்றுக்குப் பின்னால் சத்தம் போடாதீர்கள் என்று யாரோ யாரையோ அடக்குவது கேட்டது, அதற்குப் பின்னால், இழுக்க இழுக்க, மொத்தமும் வந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்து இரண்டு காதிலும் இறங்கியது. துடைத்தால் மகள் எழுந்துவிடுவாள் என்று துடைக்காமலே கிடந்தாள்.

மாரிச்செல்வி கண் விழித்தபோது முற்றத்தில் வெயில் வந்திருந்தது, பக்கத்தில் அம்மா படுத்திருந்தாள். பிறந்ததிலிருந்து விடிந்த பிறகு அம்மா படுத்திருந்து பார்த்திராத பிள்ளை பயந்துபோனாள். "எம்மா, ஒனக்கு ஒடம்புக்கு என்ன செய்யிது?" என்று கேட்டாள்.

ஆவுடை எழுந்து, தலையை முடியாமல், குடத்தையும் எடுக்காமல், குழாயடிக்கு நடந்தாள். மகளும், பையைக் கையில் வைத்திருந்த கோமதியும், சட்டையில் ஒரு கை மட்டும் மாட்டியிருந்த சங்கரபாண்டியும் பின்னால் வந்தார்கள். வரிசை அவள் நடையைப் பார்த்துவிட்டுத் தானாக விலகி வழிவிட்டது. அவள் குழாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். "அதான் கனவு. வேற ஒண்ணும் இல்ல."

குழாய் இருமவில்லை, தும்மவும் இல்லை, காத்திருந்தது. அவள் மேற்கொண்டு சொன்னாள். தெருவுக்கு நட்டநடுவில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அவள் தூங்குகிறாள், வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தெருச் சனமெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகிறது. மினிபஸ் வருகிறது, சங்கரபாண்டி விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எஞ்சினை அணைக்கச் சொல்ல, அத்தனை பேரும் இறங்கிச் சத்தமில்லாமல் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு அவளைக் கடந்து போகிறார்கள். கிரைண்டர் ஓடுகிறது, அதன்மேல் யாரோ கம்பளி போர்த்தியிருக்கிறார்கள். கம்பியில் காக்கா உட்கார்ந்திருக்கிறது, கரையவில்லை. அவளுடைய குடங்களைப் பாக்கியத்தாய் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"எங்கம்மா தலைமாட்டுல உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கா" என்று சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. "எம் பிள்ள தூங்குறா, யாரும் எழுப்பாதீகன்னு எல்லாரையும் கையெடுத்துக் கும்புடுதா. எனக்கு இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும் இந்தக் கனவுதான் போல. பாவாடை கட்டுன நாள்லருந்து நான் தூங்குற மாதிரிதான் கனாக் கண்டுருக்கேன்."

தண்ணீர் எப்போது வர ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் வந்தது. குடத்தில் விழுகிற ஓசைகூட இல்லாமல், எண்ணெய் ஊற்றுவதுபோல இறங்கி, ஆவுடை வைக்காத குடத்துக்குப் பதிலாகப் பாக்கியத்தாய் நீட்டிய குடத்தை நிறைத்து, மைதீனின் அண்டாவை நிறைத்து, வரிசையில் நின்ற அத்தனையையும் நிறைத்து, வழிந்து, தெருவோரமாக ஓடி, மூலை திரும்பி, குளம் என்று பேர் வைத்துக்கொண்டு காத்திருந்த பள்ளத்தில் போய் விழுந்தது. சாயங்காலம் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைத் தெருவே போய்ப் பார்த்தது. ஆனால் அந்த நேரத்தில் குழாயடியில் நின்ற பெண்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, ஆவுடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருத்திக்கும் தன் சடையில் ஒரு கை இருப்பது அப்போது தெரிந்தது.

கோமதி பையைக் கீழே வைத்தாள். "இம்புட்டுத் தண்ணி எங்க ஆத்துலயே இப்ப இல்ல, சம்பந்தி" என்றாள். வழிந்த தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, "நானும் நல்லாத் தூங்கி வருசக்கணக்காச்சு" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வேப்பமரத்தடியில் மறுபடி ஊர்க்கூட்டம் கூடியது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முறை வைப்பதுபோல, தேர் இழுக்க முறை வைப்பதுபோல, தூக்கத்துக்கும் முறை வைப்பது என்றும், தினமும் ஒரு வீட்டுப் பெண் வெயில் வரும்வரை தூங்குவது என்றும், அவள் வீட்டுத் தண்ணீரை அன்றைக்கு மற்றவர்கள் பிடித்து வைப்பது என்றும், அந்த வேலைக்கு ஆம்பளைகளும் உண்டு என்றும் முடிவானது. விருந்தாளிக்கும் ஒரு முறை உண்டு என்று சொல்லிக் கோமதியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆவணியில் மாரிச்செல்விக்குப் பெண் பிள்ளை பிறந்ததும், அந்தப் பிள்ளையை ஆவுடை கை சுருங்கும்வரை குளிப்பாட்டியதும், அது குளிக்கும்போது தூங்கிப்போவதைப் பார்த்து ஊரே சிரித்ததும் பிற்பாடு நடந்த கதை.

முதல் முறை ஆவுடைக்குத்தான். மறுநாள் விடியுமுன் யாரோ சொன்ன கனவுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. உள்ளுக்குள் சத்தம் கேட்டதா இல்லையா என்று தெரியாத அரைத்தூக்கத்தில், மகளின் கால் இடுப்பின் மேல் கிடக்க, ஆவுடை வெளியே செருப்பைக் கழற்றுகிற ஓசையையும், யாரோ குடத்தைத் தரையில் தேய்க்காமல் தூக்குவதையும், பாக்கியத்தாயின் கிசுகிசுப்பையும் கேட்டாள்.

"தண்ணி வந்துருச்சு" என்றாள் பாக்கியத்தாய். "மெதுவா வாங்க. அவ தூங்குறா."

ஆவுடை புரண்டு படுத்தாள்.